நம் மேசைக்கு வரும் பிள்ளைகள்

(பொன்விழாக் கருத்தரங்கில் சங்கத்தின் சமூக நலப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





கருத்தரங்கக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'தெருவோரச் சிறுவர்களின் வாழ்க்கையும் நமது கடமையும்' என்பது. தலைப்பு பெரியது. கொடுத்த நேரமோ இருபது நிமிடம். ஆகவே உலகத்தைச் சுற்றி வராமல், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசலாம் என்று முடிவு செய்தோம். மஸ்ஜித் இந்தியாவில் தொழுதுவிட்டு, நம் பெரியவர்கள் இன்னும் பத்து ரோடு என்றே சொல்லும் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் வடக்கே நடந்தால் சௌகிட் வந்துவிடும். அங்கே வளரும் பிள்ளைகள்தாம் இரவில் நம் கடைகளுக்கு வருகிறார்கள்.

நம் கடைகள் என்று சொன்னோம். இந்த ஊரில் நள்ளிரவுக்குப் பிறகும் அடுப்பு அணையாத கடைகளில் பெரும்பாலானவை நம்மவர் கடைகள். ரொட்டி சானாய்க் கல்லும் தே தாரிக் குவளையும் இருக்கும் இடத்தில் மேசை இருக்கும். மேசை இருக்கும் இடத்தில் கையில் திசு பொட்டலத்தோடு ஒரு பிள்ளை வந்து நிற்கும். "பாங், திசு" என்று கேட்கும். பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தலையைத் திருப்பாமலேயே கையசைப்பார். இன்னொருவர் ஒரு வெள்ளியை நீட்டி, திசுவை நீயே வைத்துக்கொள் என்பார். பரிமாறும் தம்பி முதலாளி பார்க்கிறாரே என்று "போ, போ" என்று விரட்டுவார். முதலாளி உள்ளே போனதும் அதே தம்பி ஒரு தட்டுச் சோறு போட்டு ஐந்தடியில் உட்கார வைப்பார். இதையெல்லாம் நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. நம் கல்லாவில் இருப்பவருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்ததில் பாதி கூட எந்த இலாகா அதிகாரிக்கும் தெரியாது என்பதற்காகச் சொல்கிறோம். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தச் சந்திலிருந்து வருகிறது, தம்பி தங்கை உண்டா, தூரத்தில் நின்று கவனிக்கும் ஆள் தாயா வேறு யாருமா, போன ரமலானில் இடுப்புயரம் இருந்தது இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் கல்லாவுக்குத் தெரியும். அந்த அறிவை நாம் இதுவரை எதற்கும் பயன்படுத்தியதில்லை.

தெருச் சிறுவர் என்றதும் நம் மனத்தில் வருவது ஊர்ப் படம். சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கும் ரயில் எதிலாவது வீட்டைவிட்டு ஓடிவந்த பையன் ஒருவன் இருப்பான். நடைமேடையில் படுத்து, பாட்டில் பொறுக்கி, கூட்டாளிகளோடு வளர்வான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் 1996இல் பம்பாயில் 1098 என்ற தொலைபேசி எண் தொடங்கப்பட்டு இந்தியா முழுவதும் பரவியது. அந்தப் பிள்ளைக்கு முதல் தேவை பாதுகாப்பாகப் படுக்க ஓர் இடம். அடுத்தது, முடிந்தால், வீட்டுக்குத் திரும்பும் வழி. தெருவிலேயே வாழும் பிள்ளைகள், தெருவில் பிழைத்துவிட்டு இரவில் குடும்பத்திடம் திரும்பும் பிள்ளைகள் என்று யூனிசெஃப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரண்டாகப் பிரித்துப் பேசியது. 2017இல் ஐ.நா. சிறார் உரிமைக் குழு இவர்களுக்காகவே வெளியிட்ட ஆவணத்தில், தெரு தங்கள் வாழ்வில் பெரும்பங்கு வகிக்கும் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தே பார்க்கச் சொன்னது. சௌகிட் பிள்ளைகளில் நாங்கள் பழகியவர்கள் அநேகமாக இரண்டாம் வகையினர். அவர்களுக்கு உம்மா உண்டு. சிலருக்கு வாப்பாவும் உண்டு. போய்ப் படுக்க ஓர் அறையும் உண்டு.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கடைவீட்டின் மேல்மாடியில் பலகை அடித்துத் தடுத்த அறை, அல்லது மலிவு ஓட்டலில் நாள் வாடகை அறை. மாத வாடகைக்கு முன்பணம் வேண்டும், அடையாளக் கார்டு வேண்டும்; இரண்டும் இல்லாதவர்கள் அன்றன்றைக்குக் கட்டுகிறார்கள். கூட்டிப் பார்த்தால் மாத வாடகையைவிட அதிகமாகத்தான் வரும். ஏழைக்கு எல்லாமே சில்லறை விலையில்தான் கிடைக்கிறது. தாய் மாலையில் வேலைக்குப் போவாள். தட்டுக் கழுவுவது, கட்டடம் பெருக்குவது, இரவுச் சந்தையில் கூடமாட நிற்பது, சிலருக்கு நாம் இந்த மேடையில் சொல்லத் தயங்கும் வேலையும். பிள்ளையைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போக அவளுக்குப் பயம். பக்கத்து அறை ஆண்களை அவள் நம்புவதில்லை. விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தெரு அந்த அறையைவிடப் பத்திரம் என்பது அவள் கணக்கு. கையில் நாலு திசு பொட்டலம் இருந்தால் பிள்ளைக்குக் கடைக்குள் நுழைய ஒரு காரணமும் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இது தாயின் அலட்சியமாகத் தெரியும். நேரில் கேட்டால் அந்தக் கணக்கு அவ்வளவு தவறாகப் படவில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றபோது, அந்தக் கணக்கு ஒரே நாளில் உடைந்தது. மேசை இல்லை என்றால் திசுவும் இல்லை. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் போய்விட்டது. இந்தப் பிள்ளைகளில் பலர் அதற்கு முன்பும் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் அல்லர்.

ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை? எங்கள் பேச்சின் மையம் இதுதான். வறுமை ஒரு காரணம், உண்மை. ஆனால் வறுமைக்கு இந்த நாட்டில் உதவித் திட்டங்கள் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அந்தத் திட்டங்களின் கதவே தெரியாது. 2003 முதல் இங்கே ஆரம்பக் கல்வி கட்டாயம். அந்தக் கட்டாயம் மலேசியக் குடிமக்களுக்குத்தான். 1995இல் மலேசியா ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது சில பிரிவுகளை ஏற்காமல் ஒதுக்கி வைத்தது. பெயருக்கும் நாட்டுரிமைக்கும் உரிய 7ஆம் பிரிவு அவற்றில் ஒன்று. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

பிள்ளை எப்படிப் பத்திரம் இல்லாமல் போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். தாய் வெளிநாட்டவர், அரசு மருத்துவமனையிலேயே வெளிநாட்டவருக்குப் பிரசவக் கட்டணம் அதிகம், ஆகவே அறையிலேயே, தெரிந்த ஒரு பெண்ணை வைத்துப் பிரசவம். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனைத் தாள் இல்லை, தாயின் கடப்பிதழ் காலாவதி, பதிவிலாகா முகப்புக்குப் போனால் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். 60 நாள் போய்விடும், ஆறு ஆண்டும் போய்விடும். இது ஒரு வழி.

இன்னொரு வழி நமக்கு மிக நெருக்கமானது. இங்கே நாங்கள் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவதை மன்னிக்க வேண்டும். நம் சகோதரர் மலேசியர். பெண் இந்தோனேசியாவோ தாய்லாந்தோ வேறு நாடோ. தென் தாய்லாந்துக்குப் போய் நிக்காஹ் முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார். மார்க்கப்படி நிக்காஹ் ஆகிவிட்டது, பிறகென்ன என்று இருந்துவிடுகிறார். கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம் 1984, வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்கிறது. பதியவில்லை. பிள்ளை பிறக்கிறது. சட்டத்தின் கண்ணில் திருமணம் நிரூபிக்கப்படாதவரை, கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி அந்தப் பிள்ளையின் குடியுரிமை தந்தை வழியாக வராது, தாய் வழியாகத்தான் வரும். தாயோ வெளிநாட்டவர். தந்தை கையில் நீல அடையாளக் கார்டு இருக்க, பிள்ளை பிறந்த மண்ணிலேயே அந்நியனாகிறது. ஒரு கையெழுத்துக்கு சோம்பல்பட்டதன் விலை இது. அந்த விலையைச் சோம்பல்பட்டவர் கட்டுவதில்லை.

எங்களிடம் வந்த ஒரு சிறுமியின் கோப்பைச் சொன்னால் விளங்கும். பெயரும் இடமும் வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவர் கடைக்கு இரவில் வந்து போன பிள்ளை. வயது பத்து இருக்கும் என்றாள் தாய். தாள் எதுவும் இல்லை. கல்லாவில் இருந்த பெரியவர் ஒரு மாதம் வேறு எதுவும் செய்யவில்லை. தினமும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார், பெயரைக் கேட்டு அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். ஐந்தாம் வாரம் தாய் தானாகவே வந்து நின்றாள். தந்தை நம்மவர், லாரியில் உதவியாளர், வருவதும் போவதுமாக இருப்பவர். பிள்ளை பிறப்பதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் எல்லை தாண்டி நிக்காஹ். அந்த நிக்காஹ் தாள் ஒரு பிஸ்கட் டின்னில் மடிந்து கிடந்தது. அதைக் கொண்டுபோய்ச் ஷரியா நீதிமன்றத்தில் விண்ணப்பம், சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது, ஒரு சாட்சிக்கு வேலை நாள் கூலி போகிறதே என்று அதை நாங்கள் ஈடுகட்டியது, தந்தை இரண்டு தவணை வராமல் போனது, மூன்றாம் தவணைக்கு அவர் வீட்டு வாசலில் போய்க் காத்திருந்தது. பிறகு தேசியப் பதிவிலாகாவில் தாமதப் பிறப்புப் பதிவு. அதற்குச் சிறுவயதில் ஊசி போட்ட கிளினிக் அட்டை ஒன்று கைகொடுத்தது. பதினான்கு மாதம் ஆயிற்று. செலவு என்று பார்த்தால் ஒரு கல்யாண விருந்தில் இரண்டு மேசைக்கு ஆகும் காசு. குடியுரிமை இன்னும் முடியவில்லை, கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையாகாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் தளர்வு 2019 முதல் இருக்கிறது. தந்தையின் அடையாளக் கார்டும் எங்கள் ஆட்களின் கால்நடையும் அதற்குப் போதுமாயின.

பிறப்புப் பத்திரம் வேறு, குடியுரிமை வேறு என்பதைப் பல படித்தவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். வெளிநாட்டவர் பிள்ளையானாலும் இங்கே பிறந்தால் பிறப்பைப் பதிய வேண்டும். அந்தத் தாள் குடியுரிமை தராது. பெயர், பிறந்த நாள், தாய் யார் என்பதைத் தரும். அதற்குப் பிறகுதான் எந்த விண்ணப்பத்துக்கும் நிற்க ஒரு படி கிடைக்கிறது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் சிறப்புச் சூழலில் பிள்ளைக்குக் குடியுரிமை கோரலாம், ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு. பிள்ளை வளர வளர அந்தக் கதவு மூடுகிறது. பெரியவனாகட்டும் பார்ப்போம் என்று சொல்லும் தந்தையரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலமாக்கள் முன்னிலையில் மார்க்கச் சட்டம் பேசுவது எங்களுக்கு அழகல்ல என்றாலும், ஒன்றை மட்டும் நினைவூட்ட அனுமதி கேட்கிறோம். நம் ஃபிக்ஹு நூல்களில் 'லகீத்' என்று ஒரு பாடம் உண்டு. வழியில் கண்டெடுக்கப்பட்ட, ஆதரவற்ற பிள்ளை பற்றியது. ஷாஃபிஈ மத்ஹபில் அப்படிப்பட்ட பிள்ளையை எடுத்து ஆதரிப்பது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவர் செய்தால் எல்லார் கடமையும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் பொறுப்பு. ஹனஃபியில் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் எடுப்பது கட்டாயம் என்பார்கள். கடற்கரை ஊர்க்காரர்களும் ராவுத்தர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இந்தச் சபையில் இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது! பிள்ளைக்குச் சொத்து இல்லையென்றால் பைத்துல்மாலிலிருந்து செலவு என்பது அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. நம் மேசைக்கு வரும் பிள்ளைகள் லகீத் அல்லர், தாய் இருக்கிறாள். ஆயினும் யார் பிள்ளை என்று சொல்லத் தாள் இல்லாத பிள்ளை, பள்ளிக்கூட வாசலிலும் மருத்துவமனையிலும் கண்டெடுத்த பிள்ளையைப் போலத்தான் நிற்கிறது.

நம் முன்னோர் பலர் மீசை முளைக்கும் முன்னரே கப்பலேறியவர்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலாவில் ஏறிப் பினாங்கில் இறங்கி, கடை மேல்மாடியிலும் ஐந்தடியிலும் படுத்து வளர்ந்த கதையை இங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வாப்பாமார்கள், அத்தாமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வயதில் வேலை, படிப்பு இல்லை, உம்மாவைப் பார்த்துப் பல ஆண்டுகள். இன்றைய சொல்லில் அவர்களையும் தெருச் சிறுவர் பட்டியலில் சேர்த்துவிடலாம். துறைமுகத்தில் 'இவன் எங்கள் ஊர்ப் பையன்' என்று சொல்ல ஓர் ஆள் நின்றார். அந்த ஆளின் வேலையைப் பகிர்ந்துகொள்ளத்தான் பிற்பாடு சங்கங்கள் உண்டாயின. நம் சங்கமும் அப்படித்தான்.

இனிப் பொன்விழா நிதி. செயலவையில் ஒரு நல்ல யோசனை வந்திருக்கிறது: சங்கத்தின் பெயரில் யத்தீம்கானா ஒன்று கட்டலாம் என்று. யத்தீமாக வளர்ந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம், பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுவார்கள். ஆனால் நாங்கள் மரியாதையோடு மாற்றுக் கருத்துச் சொல்கிறோம். சௌகிட் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதென்றால் அதன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அவள் ஏன் விடுவாள்? விடத்தான் வேண்டுமா? அந்தத் தாய்க்கு இரவு ஏழு மணி முதல் பன்னிரண்டு மணி வரை பிள்ளையை விட்டுப்போக ஓர் இடம் இருந்தால் போதும். அந்த இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சங்கத்தின் மேல்மாடி, வார நாள்களில் மாலைக்குப் பிறகு பூட்டிக் கிடக்கிறது. நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறோம். அங்கே வேண்டியது இரண்டு குளியலறை, ஒரு துணி துவைக்கும் இயந்திரம், பாய், படிப்பு மேசை, சம்பளத்துக்கு இரண்டு பெண்கள், ஓர் உஸ்தாத், ஓர் ஆசிரியர். இலவசமாக வரும் தொண்டர்களை மட்டும் நம்பி இதைத் தொடங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. தொண்டர் மூன்று வாரம் வந்து நான்காம் வாரம் வரமாட்டார். பிள்ளை நான்காம் வாரமும் வரும்.

இந்தத் துறையில் நமக்கு முன்பே நடந்தவர்கள் இருக்கிறார்கள். யயாசான் சௌகிட் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்து பிள்ளைகளுக்கு இடமும் உணவும் படிப்பும் கொடுக்கிறது. 2013இல் கல்வியமைச்சு இப்பிள்ளைகளுக்காகவே ஜாலினான் காசே வழிகாட்டிப் பள்ளியைத் தொடங்கியது. அவர்களோடு போட்டிப் பலகை மாட்டுவது நம் வேலையன்று. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: மேசைகளும், மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்களும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள், அல்லது நாலு. பிள்ளை வந்தால் காசு வேண்டாம். காசு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நேரம் தெருவில் நிற்கும். உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள், பெயரைக் கேளுங்கள், எங்களுக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். இரக்கப்பட்டுப் பின்கட்டில் தட்டுக் கழுவ வைக்காதீர்கள். சிறார் மற்றும் இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் 1966, இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை சிறாரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. அதையும் உதவி என்று சொல்லிக்கொள்ளும் முதலாளிகள் நம்மிலேயே உண்டு, பெயர் சொல்ல மாட்டோம். பிள்ளையை யாரோ இயக்குவதாகத் தெரிந்தால், அதாவது வாரத்துக்கு ஒரு 'தாய்' மாறினால், மூலையில் ஒருவன் நின்று காசு வாங்கினால், உடம்பில் காயம் இருந்தால், அப்போது யோசிக்க வேண்டாம்: தாலியான் காசே 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளையைப் பிச்சைக்கு விடுவது சிறார் சட்டம் 2001இன் கீழ்க் குற்றம். ஆனால் தாயோடு வந்து திசு விற்கும் எல்லாப் பிள்ளைக்கும் முதல் நாளே அந்த எண்ணை அழைக்கச் சொல்லவில்லை. தாளில்லாத தாயும் பிள்ளையும் குடிநுழைவுத் தடுப்பு முகாமில் போய் நிற்கும் நிலை வரலாம். முதலில் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்.

உஸ்தாத்மார்களுக்கும் ஒன்று. மதரஸா பிறப்புப் பத்திரம் கேட்பதில்லை. ஆகவே தாளில்லாத பிள்ளை முதன்முதலாக வரிசையில் உட்காரும் இடம் அதுவாகத்தான் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை காலை நேரத்திலும் மதரஸா வாசலில் சுற்றினால், அது பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று பொருள். எங்களிடம் சொல்லுங்கள். நிக்காஹ் மஜ்லிஸ்களிலும், ஜும்ஆவுக்குப் பின் வரும் அறிவிப்புகளிலும், திருமணப் பதிவைப் பற்றி இரண்டு வரி சொல்லலாம். வாழ்த்துரை பத்து நிமிடம் நடக்கிறது, இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாதா?

எங்கள் தீர்மானம் செயலவை முன் எழுத்தில் வைக்கப்பட்டிருக்கிறது: பொன்விழா நிதியில் ஒரு பங்கு மேல்மாடிக்கும், ஒரு பங்கு ஆவண உதவிக்கும், அதற்கென முழுநேர எழுத்தர் ஒருவருக்கும். நம் உறுப்பினர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். கார் உள்ள ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள்; புத்ராஜெயாவுக்கு ஒரு தாயை அழைத்துப் போய் வரிசையில் கூடவே உட்காருவது பெரிய உதவி, அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பயம் அதிலேயே போய்விடும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வெளியே, உணவு பரிமாறும் இடத்துக்கு இடப்பக்கம், ஒரு மேசை போட்டிருக்கிறோம். கடைக்காரர்கள் கல்லாவில் வைத்துக்கொள்ளச் சிறிய அட்டையும் அங்கே இருக்கிறது. தமிழிலும் மலாயிலும் அச்சிட்டிருக்கிறோம். அஸருக்கு இன்னும் நேரமிருக்கிறது.